நீதவான் வருகிறார் என்று ஜெயிலைக் கழுவினோம்

செங்கல் துண்டால் சிமெந்துத் தரையைத் தேய்த்தால் ஒரு சத்தம் வரும். பல்லைக் கூசவைக்கும் சத்தம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே அறைக்குள் குந்தியிருந்து தேய்த்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெளியே மலைத் தூறல். உள்ளே நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு செங்கல் துண்டோடு, ஜெயில் அறையின் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

யாரும் எங்களைத் தேய்க்கச் சொல்லவில்லை. அது தண்டனையும் இல்லை. நாங்களாகத்தான் தேய்த்தோம். போட்டி போட்டுக்கொண்டு தேய்த்தோம்.

"அந்த மூலையப் பாருடி தங்கம். பாசி அப்பிடியே கெடக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ராக்காயி அக்கா என்னை அதட்டினார்.

போன வாரம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியபோது, நடுவில் ஒரு வரியாக, நான் கொஞ்ச நாள் ஜெயிலில் இருந்தவள் என்று எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு சிலர் கேட்டிருக்கிறார்கள், என்ன குற்றம் செய்தீர்கள் என்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆட்கள் முன்னால் பேசுவதற்குத்தான் வெட்கம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

லொறிக்கு முன்னால்

எங்கள் தோட்டம் ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொழுந்து எடுக்கப் போய் மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு வேலையை நிறுத்தி, காம்பராவையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு உள்ள ஒற்றை அறை. மழைக்காலத்தில் சட்டி பானையை வெளியே வைத்துவிட்டார்கள். ஆம்பிளைகள் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஒருநாள் பெண்கள் எல்லாரும் கொழுந்து லொறி போகிற பாதையில் போய் உட்கார்ந்துவிட்டோம்.

நான் பின்னால் உட்காரலாம் என்றுதான் போனேன். லொறி மற்றப் பக்கமாக வந்ததால் நான் முன்வரிசையாகிவிட்டேன்.

பொலிஸ் வந்து ஏற்றியது. கோர்ட்டில் எங்களுக்குப் பிணை கொடுத்தார்கள். ஆனால் பிணைக்குக் கையெழுத்துப் போட, சொந்தமாகக் காணியோ வீடோ உள்ள ஒரு ஆள் வேண்டுமாம். எங்கள் ஆட்களில் யாருக்கு வீடு இருக்கிறது? இருக்கிற லயம் கம்பனியுடையது. நின்று பேசிக்கொண்டிருந்த முற்றம்கூடக் கம்பனியுடையதுதான். பிணை கிடைத்தும் நாங்கள் ஜெயிலுக்குப் போனது அப்படித்தான்.

அந்த அறை

அது பெரிய ஜெயில் இல்லை. ஒரு மலை டவுனில், வழக்கு முடியும்வரை ஆட்களை அடைத்து வைக்கிற சின்ன இடம். பெண்களுக்கென்று பின்பக்கம் ஒரே ஒரு அறை. முன்பு சாமான் போட்டு வைத்த அறை என்று சொன்னார்கள். மனிதர்கள் இருப்பதற்குக் கட்டியதில்லை என்று பார்த்தாலே தெரியும். ஒரு சுவர் மலையை ஒட்டியிருந்தது. தகரக் கூரை அந்தச் சுவரோடு சேர்கிற இடத்தில் வரிசையாக இடைவெளி. மழை பெய்தால் அதன் வழியாகத் தண்ணீர் சுவரில் இறங்கி, தரையில் தேங்கி நிற்கும். நாங்கள் படுக்கிற சாக்குப் பாய் எப்போதும் நனைந்து போய்த்தான் இருக்கும்.

மூலையில் ஒரு தகர வாளி. அது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு தடவைதான் வெளியே எடுப்பார்கள். குடிக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் காலையில் ஒரு வாளித் தண்ணீர், பொழுது சாய ஒரு வாளி.

தண்ணீர் விசயம்தான் எங்களுக்குப் புரியவேயில்லை. எங்கள் லயங்களில் என்ன குறை இருந்தாலும் பீலி இருக்கும். மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர் அது. இரவு பகலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். அதை அடைக்க முடியும் என்றே நாங்கள் நினைத்ததில்லை. இந்த டவுனைச் சுற்றியும் அதே மலை, அதே ஊற்று. தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்களப் பெண். சோமா நோனா என்று கூப்பிடுவோம். நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய ஐயா, அதாவது ஜெயிலர், சொன்னதைச் செய்வார். தண்ணீர் கேட்டால், "பெரிய ஐயா இல்லே சொன்னா இல்லேதான்," என்று கையை விரிப்பார்.

பச்சையம்மாவின் பிள்ளை

எங்களில் பச்சையம்மாவுக்கு மட்டும் கைப்பிள்ளை இருந்தது. செல்வி. தவழ ஆரம்பித்திருந்தாள். பால் குடிக்கிற பிள்ளை என்பதால் தாயோடு இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

அந்த அறையில் ஒரு பிள்ளை இருந்தால் எவ்வளவு வெளிச்சம் தெரியுமா? எங்கள் எல்லாருடைய மடியும் அவளுக்குத் தொட்டில்தான். தரையில் விடமாட்டோம், ஈரம். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

எவ்வளவு பார்த்தும் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விடும்போது பூனைக்குட்டி மாதிரி சத்தம். டொக்டர் வந்து பார்த்தார். காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு தடவை சுவரைத் தடவிப் பார்த்தார். இந்த இடம் குழந்தைக்கு ஆகாது, வெளியே அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பச்சையம்மாவின் மாமியார் வந்து பிள்ளையைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பச்சையம்மா அழவில்லை. மாராப்பு நனைய நனைய, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராணி மேல கேஸா?

எங்களுக்காகத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒரு பிரக்கிராசியை வைத்திருந்தது. அப்போது வக்கீலை அப்படித்தான் சொல்வோம். டவுனில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயது. வேகமாகப் பேசுவார், பேசும்போது மூக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கும்.

பிள்ளையை அனுப்பிய செய்தி கேட்டதும் ஓடி வந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "டொக்டர் என்னா சொன்னாரு? இந்த எடம் புள்ளைக்கு ஆகாதுன்னுதானே சொன்னாரு? புள்ளைக்கு ஆகாத எடம் தாய்க்கு மட்டும் எப்பிடிங்க ஆகும்?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதை அப்படி யாரும் யோசித்ததில்லை.

"பச்சையம்மா பேர்ல கோர்ட்ல கேஸ் போடப் போறேன். இந்த அறையில ஆளுங்கள அடைக்கக் கூடாதுன்னு."

"யாரு மேலங்க கேஸ்?" என்று ராக்காயி அக்கா கேட்டார்.

"அரசாங்கத்து மேல."

"அரசாங்கம்னா யாருங்க?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "இப்ப ராணி பேர்லதான் எல்லாம் நடக்குது."

"ஆத்தாடி! ராணி மேல கேஸா? அவங்க வருவாங்களா கோர்ட்டுக்கு?"

"வந்தா எந்தப் பெஞ்சுல ஒக்காருவாங்க? நம்ம பக்கமா?" என்று இன்னொருத்தி கேட்க, சோமா நோனா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பிள்ளை போனபிறகு அன்றைக்குத்தான் அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கேஸ் செயிச்சா புள்ள வருமாங்க?" என்று கேட்டாள்.

"செயிச்சா ஒங்கள இங்க வச்சிருக்க முடியாது. வேற நல்ல எடம் குடுக்கணும், இல்லேன்னா வெளிய விடணும். எப்பிடியும் புள்ள ஒங்க கைக்கு வந்துரும்."

பச்சையம்மா கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். விரல் அடையாளம் வைப்பதற்கு.

அன்று பொழுது சாயும்வரை எங்களுக்கு அதே பேச்சுதான். ஜெயிலில் இருக்கிறவள் ஜெயில் மேலேயே வழக்குப் போடலாமா? குற்றவாளிக் கூண்டில் யார் நிற்பார்? இந்தச் சுவரா? நமக்குப் பிரசாவுரிமையே இல்லையே, நம் வழக்கை எடுப்பார்களா என்று ஒருத்தி பயந்தாள்.

"ஓட்டு இல்லாதவள மழ நனைக்காதா? நனைக்குதுல்ல? அப்ப எடுப்பாங்க," என்றார் ராக்காயி அக்கா. எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது.

லயம் பார்க்கிற நாள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது வெளியாட்களுக்கு விளங்காது.

தோட்டத்தை நடத்துகிற துரை அவ்வப்போது லயம் பார்க்க வருவார். முதல்நாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், கங்காணி சொல்லிவிடுவார். அவ்வளவுதான், லயமே தலைகீழாகும். கானில், அதாவது சாக்கடையில், கிடக்கிற அழுக்கை வழிப்பார்கள். வாசலுக்குச் சாணி தெளிப்பார்கள். அடுப்புக் கரி பிடித்த சுவரைச் சுண்ணாம்பால் மறைப்பார்கள். கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே கம்பளியைப் போட்டுவிடுவார்கள். ஒழுகுகிற இடத்தில் துணியைச் சுருட்டி அடைப்பார்கள்.

ஒழுகுகிறது என்று துரையிடம் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டமாட்டோம். அழுக்கைப் பார்த்தால் துரை கூரையைத் திட்டமாட்டார், வீட்டுக்காரியைத்தான் திட்டுவார். "ஏன் இப்பிடி வச்சிருக்கே?" என்பார். அந்தப் பெண்ணுக்கு நாலு பேர் முன்னால் மானம் போய்விடும். கங்காணி அவள் பேரையும் வெட்டிவிடுவார், பேர் வெட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது.

துரை வாசலில் நின்று, "ஏதும் குறை இருக்கா?" என்று கேட்பார். "ஒரு கொறையும் இல்லீங்க தொரை," என்று சொல்ல வேண்டும். என் அம்மா அப்படித்தான் சொன்னார், அவருடைய அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கும்பிடுகிற மாதிரி அது தானாக வந்துவிடும்.

லயம் பார்க்கிற நாளில் ராக்காயி அக்காவின் காம்பராவைத்தான் துரைக்கு முதலில் காட்டுவார்கள். அவ்வளவு சுத்தம். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

செங்கலும் பினாயிலும்

வழக்கைக் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். விசாரிக்கிற நீதவான், எழுத்தில் இருப்பது போதாது, அந்த அறையை நானே நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

பிரக்கிராசி ஐயா சந்தோசத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தார். "நாளைக்கு நீதவானே பாக்க வர்றாரு! நம்ம கேஸ் பாதி செயிச்ச மாதிரி!" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்கு ஓடிவிட்டார். அறையை இப்படியே விட்டு வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டவுனில் பிறந்த மனுசன், அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அவர் போனதும் ராக்காயி அக்கா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ஏண்டி, நீதவான் வந்து இந்தக் கோலத்தப் பாத்தா என்னா நெனப்பாரு? தோட்டத்துப் பொம்பளைங்க குளிக்காத சாதின்னு நெனக்கமாட்டாரா?"

பச்சையம்மாதான் முதலில் எழுந்தாள். அவளுக்கு மானம் பெரிதாகத் தெரியவில்லை, அவள் கணக்கு வேறு. "அக்கா, அழுக்கா இருக்குன்னுதானே டொக்டரு புள்ளய அனுப்பினாரு? சுத்தமா இருந்தா, கொண்டாந்து வச்சுக்கன்னு நீதவான் சொல்லிருவாருல்ல?"

எங்கள் யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தோம். முற்றத்தில் உடைந்து கிடந்த செங்கல். ஜெயில் குசினி அடுப்பிலிருந்து சாம்பல், தேங்காய்த் தும்பு. சோமா நோனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பிஸ்ஸுத உம்பலாட்ட?" என்றார். உங்களுக்குப் பைத்தியமா என்று அர்த்தம். போய்ப் பெரிய ஐயாவிடம் சொன்னார். திரும்பி வரும்போது ஒரு கையில் பினாயில் போத்தல், இன்னொரு கையில் சுண்ணாம்பு. பின்னாலேயே வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. எத்தனை நாள் கேட்டும் கிடைக்காத தண்ணீர்! அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தண்ணீரைக் கண்ட சந்தோசம்தான்.

துடைக்கத் துணி இல்லை. கட்டியிருந்த சேலைத் தலைப்பாலேயே துடைத்தோம். பச்சையம்மா குனிந்து குனிந்து, தலைமயிர் அவிழ்ந்து பினாயில் தண்ணீரில் புரளுவது தெரியாமல் தேய்த்தாள். மூலை வாளியை வெளியே கொண்டு போய், மினுங்குகிற மாதிரி விளக்கிக் கவிழ்த்து வைத்தோம்.

கூரை ஒழுக்கை என்ன செய்வது? பச்சையம்மா ஒரு மூட்டையை அவிழ்த்தாள். செல்வியின் துணிகள். பிள்ளையைத் தூக்கிப் போனபோது விட்டுப்போனவை. ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டிக் கொடுத்தாள். நான் சுவரோரம் இருந்த சிமெந்துத் திட்டில் ஏறி, இடைவெளி ஒவ்வொன்றிலும் வைத்துத் திணித்தேன். தண்ணீர் நின்றது. சுவரைத் துடைத்துச் சுண்ணாம்பு பூசினோம்.

கடைசியாக ராக்காயி அக்கா மிச்சச் சுண்ணாம்புத் தூளில், கம்பிக் கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோலம் போட்டார்.

"ஹரி லஸ்ஸனய்!" என்றார் சோமா நோனா. ரொம்ப அழகாம். கேலியா பாராட்டா, தெரியாது.

நீதவான் பார்த்தது

மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். கையில் நனைந்த குடை. கோலத்தைப் பார்த்து நின்றார். பிறகு காலை எட்டி வைத்து, அதை மிதிக்காமல் உள்ளே வந்தார். பின்னால் ஜெயிலர். அதற்குப் பின்னால் நீதவானின் பேச்சைத் தமிழில் சொல்கிற ஐயா, யாழ்ப்பாணத்தவர். கடைசியாக எங்கள் பிரக்கிராசி.

பிரக்கிராசி ஐயாவின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நீதவான் சுற்றிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், மினுங்குகிற தரை, கவிழ்த்து வைத்த வாளி. ஏதோ கேட்டார்.

"ஏதும் குறை இருக்கோ எண்டு ஐயா கேக்கிறார்," என்றார் மொழி சொல்கிறவர்.

ராக்காயி அக்கா கை கூப்பினார். "ஒரு கொறையும் இல்லீங்க தொரை."

ஜெயிலர் சிரித்தார். நீதவானோடு வந்த குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

நீதவான் திரும்பப் போகும்போது, பச்சையம்மா முன்னால் வந்து தரையில் விழுந்தாள். "சாமி! இப்ப சுத்தமா இருக்குங்க. எம்புள்ளயக் கொண்டாரச் சொல்லுங்க சாமி!"

அது மொழி மாறி நீதவானுக்குப் போயிற்று. அவர் ஜெயிலரைக் கேட்டார். ஜெயிலர் சொன்ன பதில் மொழி மாறி எங்களுக்கு வந்தது.

"பிள்ளையைக் கொண்டுவர ஏலாதாம். சுவர் ஈரம் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறாராம்."

நீதவான் சுவரைப் பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. புருவத்தைச் சுருக்கி ஜெயிலரிடம் ஏதோ கேட்டார். ஜெயிலர் சிரிப்பை நிறுத்தினார்.

எங்கள் பிரக்கிராசி மெல்லிய குரலில் சொன்னார், "பச்சையம்மா, கொறை இல்லேன்னு எழுதியாச்சு. இனி நீங்க இங்கதான். புள்ளயும் வராது."

பச்சையம்மா எழுந்தாள். சிமெந்துத் திட்டில் ஏறினாள். நான் திணித்த துணியைப் பிடித்து இழுத்தாள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. தகரத்தின் மேலே கட்டி நின்ற மழைத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சுவர் முழுக்க இறங்கியது. குமாஸ்தா பின்னால் துள்ளினார். நீதவானின் சப்பாத்தடியில் தண்ணீர் போயிற்று.

"இதாங்க சாமி ஈரம்!" என்று கையில் பிள்ளைத் துணிகளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அக்கா, இவரு லயம் பாக்க வரலக்கா! நம்ம கொறையப் பாக்க வந்தவருக்கா!"

ராக்காயி அக்கா கூப்பிய கையை இறக்கவேயில்லை.

என்னைத்தான் கேட்டார்

மொழி சொல்கிற ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றது என் கெட்ட நேரம். அவர் என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, இதை எல்லாம் ஏன் துப்பரவாக்கினனீங்கள் எண்டு ஐயா கேக்கிறார். பயப்பிடாமல் சொல்லுங்கோ."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "லயம் பாக்க தொரை வந்தா... கழுவித்தாங்க வைப்போம்."

நான் சொன்னது அவ்வளவுதான். போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் நீதவான் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். துரை எப்போது வருவார்? வருவதை முதல்நாளே யார் சொல்வார்? எதையெல்லாம் ஒளிப்பீர்கள்? குறை இருந்தாலும் இல்லையென்றா சொல்வீர்கள்? அவர் முகத்தில் கோபமில்லை. புதிதாக ஏதோ ஊருக்குப் போன ஆள், வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"இந்தப் பினாயில் ஆர் தந்தது?"

"நோனா தந்தாங்க."

"முந்தியும் தந்தவையோ?"

"இல்லீங்க. இன்னைக்குத்தாங்க."

"தண்ணி?"

"அதுவும் இன்னைக்குத்தாங்க."

சோமா நோனா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயிலர் அவரைப் பார்த்தார். நீதவான் இரண்டு பேரையும் பார்த்தார்.

கோர்ட்டில்

மறுநாளே வழக்கைக் கூப்பிட்டார்கள். ராணி வரவில்லை. அரசாங்கத்துக்காக வேறொரு பிரக்கிராசி வந்தார். தடித்த மனிதர். அவர் சொன்னது எங்களுக்குத் தமிழில் வந்து சேர்ந்தபோது தூக்கிவாரிப் போட்டது.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தவர்கள்? லயத்திலிருந்து. லயத்தில் ஒரு குடும்பமே ஒரு அறையில் கிடக்கிறது. மண் தரை. அதுவும் ஒழுகுகிறது. அதைவிட இந்த அறை நல்லதுதானே? அவர்களே வாயால் குறை இல்லை என்று சொன்னார்களே?

எங்களுக்குள்ளே பார்த்துக்கொண்டோம். அவர் சொன்ன லயம் பொய்யில்லை. அதுதான் வலித்தது. இதற்கு என்ன பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நீதவானின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் ராக்காயி அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

ராக்காயி அக்கா கூண்டில் ஏறினார். முக்காடு போட்டிருந்தார். லயத்தை விட இது நல்லதா என்று கேட்டார்கள்.

"லயத்துலயும் ஒழுகுதுங்க," என்றார். "ஆனா அங்க ஒழுகுனா புள்ளயத் தூக்கிட்டு அடுத்த காம்பராவுக்கு ஓடலாங்க. இங்க பூட்டிருக்காங்களே," என்றார்.

நீதவான் கேட்டதை மொழி சொல்கிற ஐயா அவரிடம் சொன்னார்.

"அப்படியெண்டால் நேற்று ஏன் குறை இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

ராக்காயி அக்கா கூண்டின் கட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். "இது வரைக்கும் கேட்டவங்க யாரும் பதிலுக்காகக் கேட்டதில்லீங்க."

நீதவான் பேனையை எடுத்தார். ரொம்ப நேரம் எழுதினார். பிறகு வாசித்தார். அந்த இங்கிலீசு வாசிப்பு, நம் ஆட்கள் சாமி கும்பிடும்போது முணுமுணுக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் போயிற்று. மொழி சொல்கிற ஐயா துண்டு துண்டாகச் சொன்னார்.

கைதியின் வீடு எப்படி இருக்கிறது என்பது இந்த வழக்கில் கேள்வியில்லையாம். பூட்டி வைத்தவர்தான் உள்ளே இருக்கிறவருக்குப் பொறுப்பாம். கூரையைத் திருத்தி, தண்ணீருக்கு வழி செய்யும்வரை அந்த அறையில் யாரையும் அடைக்கக் கூடாதாம். பெண்களுக்கு வேறு இடம் இல்லாததால், காணி உள்ள ஆள் வேண்டாம், அவரவர் தங்கள் சொந்தப் பெயரிலேயே பிணை எழுதிவிட்டுப் போகலாமாம்.

'போகலாமாம்' என்பதற்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் பச்சையம்மாவின் காதில் விழவில்லை.

லொறிப் பாதையில் உட்கார்ந்த வழக்கு அதற்குப் பிறகும் வருடக்கணக்காக இழுத்தது. அது வேறு கதை. அந்த அறைக்கு மேலே புதுத் தகரம் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க ஆசைதான். அதற்காக மறுபடி உள்ளே போகவா முடியும்?

பீலிக்கரையில்

நோட்டன் பஸ்ஸில் வந்து இறங்கி, மழையில் குறுக்குப் பாதையால் ஏறினோம். பச்சையம்மா எங்களுக்கெல்லாம் முன்னால் போனாள். கூப்பிட்டாலும் நிற்கவில்லை.

அவள் மாமியார் வாசலில் செல்வியை மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சித் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை கொஞ்சம் மெலிந்திருந்தாள். ஆனால் மூச்சில் அந்தச் சத்தம் இல்லை.

பச்சையம்மா பாய்ந்து போய்த் தூக்கினாள். முகத்தோடு அணைத்தாள்.

பிள்ளை வீரிட்டது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கையால் தாயின் முகத்தைத் தள்ளி, பாட்டி பக்கம் சாய்ந்தது. மாராப்பை விலக்கிக் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் கூடுதலாகக் கத்தியது.

நாங்கள் எல்லாரும் வாசலில் நனைந்துகொண்டு நின்றோம். பச்சையம்மா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "என்னய மறந்துட்டா அத்த," என்றாள்.

மாமியார் மருமகளின் தலையை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"மறக்கிறதாவது! என்னாடி இது நாத்தம்? ஆஸ்பத்திரிக் கக்கூசு மாதிரி நாறுறியே! ஒந்தலையில, சேலையில, எல்லாம் பினாயிலு. எனக்கே கொமட்டுது, பச்சப் புள்ள எப்பிடி வரும்? போடி! போயிக் குளிச்சுட்டு வா!"

பச்சையம்மா பீலிக்கு ஓடினாள். நாங்களும் பின்னாலேயே போனோம், எங்கள் மேலும் அதே நாற்றம்தான். குழாயிலிருந்து தண்ணீர் தடியாக விழுந்துகொண்டிருந்தது. மார்கழிக் குளிர். அவள் அப்படியே சேலையோடு அதன் கீழே போய் நின்றாள். ராக்காயி அக்கா சீயக்காய் கொண்டு வந்து, அவள் தலையைப் பிடித்துத் தேய்த்தார். ஒரு தடவை தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இன்னும் இருக்கு," என்று மறுபடி தேய்த்தார். நான் முதுகு தேய்த்தேன். பல் கிட்டிக்க, உடம்பு நீலம் பாய, அவள் போதும் என்று சொல்லவேயில்லை.

ராக்காயி அக்கா தன் காம்பராவிலிருந்து காய்ந்த சேலை ஒன்று கொடுத்தார். புகை வாசமும் வேப்பெண்ணெய் வாசமும் அடிக்கிற பழைய சேலை.

இந்தத் தடவை பச்சையம்மா பிள்ளையைப் பிடுங்கவில்லை. மாமியாருக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செல்வி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்து, அந்தச் சேலையில் மூக்கை வைத்து, பால் எங்கே இருக்கிறது என்று தானாகவே தேட ஆரம்பித்தாள்.